நாற்பத்திரண்டாவது காலடி

பதினோரு கோடி வருஷங்களுக்கு முன் செத்துப்போன ஒரு விலங்கு, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குப் பூங்காப் பாறையின்மேல் தன் நாற்பத்திரண்டாவது காலடியை எடுத்து வைத்தது. அன்று வெயில் மிதமாக இருந்தது. பார்வையாளர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். அதில் இருவர் கைப்பேசியில் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டிருந்ததால் சாட்சிகள் நான்கு பேர் என்று கொள்ள வேண்டும். பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தினாற்போல் பாறை உள்ளே போனது. அரிசி மூட்டையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. மூன்று விரல், ஒரு முழ நீளம், நான்கு விரற்கடை ஆழம். பூங்காக் காவலர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

அவருடைய முதல் கவலை பதிவேட்டைப் பற்றியது. அந்தப் பதிவேட்டில் ‘தடங்களின் எண்ணிக்கை: 41’ என்று அச்சடித்தே வரும். பக்கத்துக் கட்டத்தில் ‘மாற்றம் இல்லை’ என்பதும் அச்சாகவே இருக்கும். காவலர் பதினான்கு வருஷமாகக் காலை ஏழு மணிக்கு ஒரு வாளித் தண்ணீரும் நார்ப் பிரஷும் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு தடத்திலும் கிடக்கிற சருகையும் மிட்டாய்க் காகிதத்தையும் பொறுக்கி, தேய்த்துக் கழுவி, வாய்விட்டு எண்ணி, கீழே கையெழுத்து மட்டும் போட்டுவந்தார். பூமியில் இனி எதுவும் மாறாது என்று அச்சகத்திலேயே தீர்மானித்துவிட்ட துறை அது. அன்று அவர் அந்தக் கட்டத்துக்கு வெளியே, ஓரத்து வெள்ளையில், பென்சிலால் ‘1’ என்று எழுதினார். பேனாவால் எழுதினால் பொறுப்பு வந்துவிடும்.

அந்தப் பாறையில் உண்மையில் இரண்டு விலங்குகளின் தடங்கள் இருந்தன. பெரியது ஒன்று. அதன் வலப்பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் அதே மூன்று விரல் வைத்த சிறியது ஒன்று. பெரியது ஒரு காலடி வைக்கிற தூரத்துக்குச் சிறியது மூன்று வைத்திருக்கும். சிறியவற்றைப் பதிவேட்டில் எண்ணுவதில்லை. அதற்குக் கட்டம் இல்லை. இரண்டும் சேர்ந்தாற்போலப் பத்தொன்பதாவது காலடி வரை வரும். அங்கே, பார்வையாளர்கள் நின்று பார்க்கக் கட்டிய சிமெண்ட் மேடையின் ஓரத்தில், சிறிய தடங்கள் நின்றுவிடும். அதற்குப்பின் பெரிய தடங்கள் குழம்பும். முன்னே போகும், பின்னே வரும், தான் மிதித்த இடத்தையே மறுபடி மிதிக்கும், ஒரு சுற்றுச் சுற்றும், கடைசியில் நாற்பத்தொன்றில் மலையைப் பார்த்தபடி நின்றுவிடும். காவலர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு கூட்டத்துக்கு இதைக் காட்டியபோது அவர்கள் கொட்டாவி விட்டார்கள். கொட்டாவி தொற்றும் என்பதால் அவருக்கும் வந்தது. அதை மறைக்கத்தான் அவர் அந்தக் கதையை அங்கேயே, நின்ற நிலையில் கட்டினார். “இதோ பாருங்க, குட்டி இது வரைக்கும் வந்திருக்கு. அடுத்த காலடி எங்க?” என்று குரலைத் தாழ்த்தினார். கூட்டம் குனிந்து தேடியது. படீரென்று கைதட்டினார். நாலு பேர் அலறினார்கள், ஒருவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார், பிறகு எல்லாரும் சேர்ந்து கைதட்டினார்கள். பெரியது கொன்று தின்ற இடம் இது, சுற்றிச் சுற்றி மிதித்தது இரையோடு போராடியபோது என்று அவர் விளக்கினார். மூன்றாம் வருஷம் துறையே பலகையை மாற்றி ‘வேட்டை நடந்த இடம்’ என்று எழுதி வைத்தது. எலும்புக்கூட்டின் படமும் வரைந்தார்கள். எலும்புக்கூடு கோழியுடையது போலிருக்கும்.

நாற்பத்திரண்டாவது காலடி மலையைப் பார்க்கவில்லை. கால் பங்கு திரும்பி, காவலரின் குடியிருப்பைப் பார்த்து விழுந்திருந்தது. மறுநாள் அதே நேரம் நாற்பத்துமூன்று விழுந்தது, அதே திசையில். மூன்றாம் நாள் காவலர் அளவு நாடாவைக் கொண்டுவந்து முழந்தாளிட்டு அளந்தார். ஒரு காலடிக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை மீட்டர். முதல் காலடி விழுந்த நாளிலிருந்து நாளைக்கு ஒன்றாக வந்தால், தொண்ணூற்று நான்காம் நாள் அது வீட்டுக்குள் இருக்கும். நாடாவை நேராக இழுத்துப் பிடித்தபோது முனை படுக்கையறைச் சுவரைத் தாண்டி, கட்டிலின் நடுவில் போய் நின்றது. அந்தக் கட்டிலில் ஆறு மாத வயிற்றோடு அவர் மனைவி படுத்திருந்தாள்.

அவளுக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது, பூங்காவிலிருந்து ஊருக்குப் போகிற இருபத்திரண்டு கிலோமீட்டர் சாலையில், பத்தொன்பதாவது கிலோமீட்டரில் போனது. சாலை அப்படி. ஆகவே இந்தத் தடவை நர்ஸ் வாரம் ஒரு தரம் ஸ்கூட்டரில் தானே வந்து பார்த்துவிட்டு, ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: “குலுங்கவே கூடாது. இருமல் வந்தாக்கூட யோசிச்சு இருமணும்.” கால்மாட்டை உயர்த்திக் கட்டிலைப் போடச் சொன்னாள். வீட்டில் ஓர் அறையும் ஓர் அடுக்களையும்தான். கட்டில் அறையை விட்டு வெளியே போகாது, கட்டிலை உள்ளே வைத்துவிட்டுத்தான் கதவுச் சட்டத்தையே பொருத்தியிருந்தார்கள். நர்ஸ் விரல் மடக்கிச் சொன்ன பிரசவத் தேதியைக் காவலர் நாட்காட்டியில் வட்டமிட்டிருந்தார். அன்று சாயங்காலம் அவர் தொண்ணூற்று நான்கு நாளைக் கூட்டிக்கொண்டே போனார். அதே வட்டத்தில் வந்து நின்றது. மறுபடி கூட்டினார். கூட்டலில் தப்பில்லை.

அவர் மனைவிக்குச் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தார். ஆனால் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பவளுக்கு வீட்டில் நடக்கிறதெல்லாம் தெரியும்.

“நாடாவை எதுக்குச் சுவத்துல ஒட்டி வெச்சீங்க?”

“சும்மா.”

“சும்மா யாரும் நாடா ஒட்ட மாட்டாங்க. உங்க ஆளு வருதா?”

காவலர் தலையை ஆட்டினார். அவள் கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “பதினாலு வருஷமா அதைக் கொலைகாரின்னு ஊரைக் கூட்டி வெச்சுக் கைதட்டிச் சொன்னீங்க. இப்ப நேர்லயே வந்து கேக்கப் போகுது. என்ன சொல்றதா உத்தேசம்?”

காவலர் எழுந்துபோய்க் காகிதம் எடுத்தார். அவர் மேலதிகாரிக்கு எழுதினார்.

மேலதிகாரியைப் பூங்காவில் எல்லாரும் சுற்றறிக்கை என்றே அழைத்தார்கள், அவர் எதிரில் மட்டும் ஐயா. அவர் பதிலளிக்காத கடிதம் கிடையாது, பதில் இருக்கிற கடிதமும் கிடையாது. விலங்கு செத்ததென்றால் தொல்லுயிர்ப் பிரிவு, உயிரோடு இருந்தால் வனவிலங்குப் பிரிவு, செத்தும் நடக்கிறதென்றால் எந்தப் பிரிவு என்று தலைமையகத்தைக் கேட்டிருப்பதாக எழுதினார். மாற்றுக் குடியிருப்பு கேட்ட விண்ணப்பத்துக்கு, சேதம் ஏற்பட்டபின் படிவம் ஏழில் விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. படிவம் ஏழில் சேதத்தின் புகைப்படம் மூன்று பிரதி ஒட்ட வேண்டும். இதற்கிடையில், பதிவேட்டின்படி தடங்கள் நாற்பத்தொன்றுதான் என்பதால், அதற்கு மேற்பட்டவை அனுமதி இல்லாதவை என்றும், அவற்றை உடனடியாகச் சிமெண்ட் போட்டு மூடும்படியும் உத்தரவு வந்தது. இந்த உத்தரவு ஒரே நாளில் வந்தது.

சிமெண்ட் வேலைக்கு வந்தவர் காவலரின் மனைவிக்குத் தம்பி, கொத்தனார். பூங்காவில் பூச்சுப் பெயர்ந்தாலும் படி உடைந்தாலும் அவர்தான் வருவார். வலது காலை லேசாக இழுத்து நடப்பார். அதிகம் பேசமாட்டார், அந்தப் பாறைப் பக்கம் வந்தால் அதுவும் பேசமாட்டார். அவர் நாற்பத்திரண்டு முதல் ஐம்பது வரை ஒன்பது தடங்களை மூடி, மட்டப்பலகை வைத்து வழித்து, ஈரச்சாக்குப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் பதினொன்று இருபதுக்கு ஐம்பத்தொன்று விழுந்தது. அதே நேரத்தில் ஒன்பது சிமெண்ட் கட்டிகளும் தோசைக்கல்லிலிருந்து எடுத்தவை போல ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்து, அந்தந்தத் தடத்தின் பக்கத்தில் மல்லாந்து கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு பாதம். மறுபடி மூடினார்கள், மறுபடி வந்தன. கட்டிலின் கால்மாட்டுக்கு வைத்திருந்த செங்கல் ஆடிக்கொண்டிருந்ததால், கொத்தனார் இரண்டு பாதங்களை எடுத்துவந்து செங்கல்லுக்குப் பதிலாக வைத்தார். ஆட்டம் நின்றது. அதன்பின் காவலரின் மனைவி அந்த விலங்கின் காலின்மேல்தான் படுத்திருந்தாள். நர்ஸ் குனிந்து பார்த்து, இப்போதுதான் உயரம் சரியாக இருக்கிறது என்றாள்.

இருபத்தேழாம் நாள் வரை இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. பாறையில் பள்ளம் விழுகிறது, அவ்வளவுதானே. இருபத்தெட்டாம் நாள் காலடி பென்குயின் குப்பைத்தொட்டியின்மேல் விழுந்தது. வாயைத் திறந்துகொண்டு, ‘என்னைப் பயன்படுத்துங்கள்’ என்று வயிற்றில் எழுதிக்கொண்டு எல்லாப் பூங்காவிலும் நிற்குமே, அதுதான். சத்தம் கேட்டது, பென்குயினைக் காணவில்லை. தடத்தின் அடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு தகடு ஒட்டியிருந்தது, காகிதம் போல மெல்லியதாக. எழுத்து மட்டும் அழியாமல் இருந்தது. காவலர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு எழுந்து, வீட்டுக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன ஆச்சு என்று அவள் கேட்டாள். கை ஜில்லென்று இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னார். ஜில்லென்று இருந்தது அவருடைய கைதான்.

அதற்குப்பின் நாட்கள் காலடிகளாகவே எண்ணப்பட்டன. கூட்டம் பெருகியது. பதினொன்று பதினைந்துக்கு எல்லாரும் வாயை மூடுவார்கள், இருபத்தொன்றுக்குத் திறப்பார்கள். நிழலைப் பார்த்தோம் என்றவர்கள் இருந்தார்கள், மூச்சு பட்டது என்றவர்களும் இருந்தார்கள். காவலர் ஸ்ட்ரெச்சர் கேட்டார், சாலை அப்படியே இருந்தது. வழியில் ஒரு லாரிக் கருங்கல்லைக் குவித்துச் சுவர் எழுப்பினார். நாற்பத்தோராம் நாள் காலடி கருங்கல்லை மாவாக்கிக்கொண்டு இறங்கியது. அறுபதாம் நாள் குடியிருப்பின் வேலியைத் தாண்டியது. வீட்டுக்குள்ளிருந்து கேட்டால் முதலில் அது எங்கோ மூட்டை இறக்குவது போலிருந்தது, பிறகு அடுத்த தெருவில் இறக்குவது போல, பிறகு வாசலில். ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள் பிள்ளை ஒரு தரம் உதைத்தது. இதை அவள் கணவரிடம் சொல்லவில்லை. அவருக்கு நாடாவே போதும் என்று நினைத்தாள்.

காவலருக்கு யோசிக்கிற பழக்கம் உண்டு. ஆளில்லாத பூங்காவில் வேறு பழக்கத்துக்கு வசதி இல்லை. அறுபத்தெட்டாம் நாள் சாயங்காலம், கூட்டம் போனபின், அவர் மேடையில் உட்கார்ந்து வழக்கம்போல உலகத்தைப் பற்றி யோசித்தார். எத்தனையோ கோடி விலங்குகள் நடந்திருக்கின்றன. மலை போன்றவை, பறந்தவை, ஒரே கடியில் இன்னொன்றை முடித்தவை. ஒன்றுக்கும் அடையாளம் இல்லை. என்றோ ஒரு பிற்பகலில், சேறு சரியான பதத்தில் இருந்தபோது, அவசரமில்லாமல் நடந்துபோன இரண்டு மட்டும் மிஞ்சியிருக்கின்றன. பல்லும் எடையும் உதவவில்லை. சேறுதான் ஆளைத் தேர்ந்தெடுத்தது. இயற்கைக்கு அவசரம் கிடையாது என்று அவர் பார்வையாளர்களுக்கு அடிக்கடி சொல்வார். அவசரமே இல்லாத ஒன்று தன் வீட்டை நோக்கி வரும்போது மனிதனுக்கு எவ்வளவு அவசரமாகிவிடுகிறது என்பதை இப்போதுதான் கண்டார். அப்படியே குனிந்தபோது மேடையின் சிமெண்டில் பதிந்திருந்த ஒரு நாயின் பாதம் கண்ணில் பட்டது, பக்கத்தில் ஒரு வலது கால் ரப்பர் செருப்பு. ஈரம் காயுமுன் யாரோ மிதித்தது. இனி பதினோரு கோடி வருஷம் கழித்துத் தோண்டுகிறவர்களுக்கு மனித இனம் என்று கிடைக்கப்போவது இதுதான் என்று நினைத்தார். ஒற்றைக்கால் பிராணி, நாயோடு திரிந்தது, திடீரென்று காணாமல் போயிற்று, நாய் தின்றுவிட்டது என்று அங்கேயும் ஒருவன் கைதட்டிக் கதை சொல்வான். கேட்டவர்களும் தட்டுவார்கள். செருப்பின் இன்னொரு கால் பத்தடி தள்ளி வேறு எதன் அடியிலோ இருக்கும், அதைத் தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

அவர் இன்னும் குனிந்தார். பிறகு செருப்புத் தடத்தை மறுபடி பார்த்தார். குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்து, பின்னால் ஓர் இழுப்பு இருந்தது.

கொத்தனார் அடுக்களையில் அக்காவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். காவலர் வாசலில் நின்றே கேட்டார்.

“மச்சான், மேடை நீ கட்டினதுதானே?”

“ஆமா மாமா. முதல் வேலை. ஏன்?”

“அடியில என்ன இருந்துச்சு?”

கொத்தனார் ஆற்றுவதை நிறுத்தவில்லை. ஆனால் கஞ்சி எப்போதோ ஆறிவிட்டிருந்தது. “பாறை,” என்றார்.

“பாறையில?”

“குட்டிக் கால்,” என்றார் கொத்தனார். “வரிசையா இருந்துச்சு. ஒப்பந்தக்காரர் வந்து பாத்தாரு. பதிவேட்டுல பெருசு மட்டும்தான் இருக்கு, இதுக்குக் கணக்கு இல்ல, மட்டம் பண்ணுன்னாரு. பண்ணிட்டேன்.”

“பதினாலு வருஷமா ஏன் சொல்லல?”

“சொல்ல வந்தேன் மாமா. மேடை காய்ஞ்ச அன்னிக்கே வந்தேன். நீங்க கைதட்டிட்டிருந்தீங்க. கூட்டமே தட்டுச்சு. நான் நடுவுல வந்து, இல்லீங்க குட்டி சாகல, நான்தான் பூசிட்டேன்னு சொன்னா என்ன ஆகும்?” கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அப்புறம் நீங்க எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்துட்டீங்க. மாப்பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?”

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. “டேய், நீ பூசினே, இவர் கதை விட்டாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் படுத்திருக்கேன். போய் உடைங்கடா!”

கணவரையும் சேர்த்து அவள் ‘டா’ போட்டது அதுவே முதல் தடவை. இருவரும் கடப்பாரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அரசாங்க மேடையை உடைப்பது குற்றம். காவலருக்கு அது தெரியும். உடைப்பவரைப் பிடிப்பது அவருடைய வேலையும்கூட. மறுநாள் மத்தியானத்துக்குள் மேடை ஜல்லியாகிவிட்டது. அடியில், நேற்று மிதித்தவை போல, உள்ளங்கை அகலத் தடங்கள் இருந்தன, இருபத்துமூன்று. பெரியதை விட்டு விலகி, தும்பியையோ எதையோ துரத்திக்கொண்டு போவது போல வளைந்து வளைந்து, மேடையைக் கடந்து புல்லின் அடியில் போயின. புல்லை உரித்தார்கள். மண் ஒரு சாண்தான். கீழே அதே பாறை. தடங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஏழு நாள் உரித்தார்கள். அவர்களுக்கு இணையாக, இருபதடி தள்ளி, தினம் பதினொன்று இருபதுக்குப் பெரியது ஒரு காலடி வைத்துக்கொண்டு வந்தது. எட்டாம் நாள் சிறிய தடங்கள் படுக்கையறைச் சுவரின் அடியில் நுழைந்தன. அஸ்திவாரம் தோண்டுகிற செலவு மிச்சம் என்று அந்தக் குடியிருப்பைப் பாறைமேலேயே கட்டியிருந்தார்கள்.

இனி தரையை உடைக்க வேண்டும். குலுங்கவும் கூடாது. நர்ஸைக் கேட்டார்கள். அவள் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே வெகுநேரம் யோசித்துவிட்டு, கடப்பாரை கூடாது, சுத்தியல் கூடாது, ஆள் மூச்சுவிடுகிற சத்தத்துக்கு மேல் எதுவும் கூடாது என்றாள். கொத்தனார் சிமெண்டின்மேல் ஈரச்சாக்குப் போட்டு, ஊறவைத்து, சிறிய உளியைக் கையாலேயே அழுத்தி, பல் பிடுங்குகிறவர் போல ஒரு நாளைக்கு ஒரு தட்டு அகலம் பெயர்த்தார். காவலர் ஜல்லியைக் கையில் ஏந்தி வெளியே கொண்டுபோனார். எழுபத்தெட்டு, எண்பது, எண்பத்தைந்து. ஒருமுறை உளி வழுக்கி டக்கென்று அடித்தது. அன்று அவளுக்கு இடுப்பில் வலி வந்து நாலு மணி நேரம் நின்றது. அந்த நாலு மணி நேரமும் கொத்தனார் உளியை வாயில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வலி அடங்கியதும் அவள்தான் சொன்னாள், “ஏண்டா, இதுதான் சாக்குன்னு வேலையை நிறுத்திட்டியா?”

தொண்ணூறாம் நாள் கட்டிலுக்கு அடியிலிருந்த கடைசிச் சிமெண்ட் வந்தது. காவலர் மல்லாந்து படுத்து, டார்ச்சோடு உள்ளே நகர்ந்தார். தடங்கள் அங்கே முடிந்திருந்தன. முடிந்த இடத்தில் ஒரு குழிவு, ஒரு மூங்கில் கூடை அளவு. ஒரு பக்கம் விலா பதிந்திருந்தது, வால் சுற்றி வந்து மூக்கைத் தொட்டிருந்தது. அவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

“என்னங்க, என்ன இருக்கு? எனக்குக் குனிய முடியாது, சொல்லுங்க.”

“படுத்திருக்கு.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். “எத்தனை வருஷம்னு சொன்னீங்க?”

“பதினோரு கோடி.”

“சரி,” என்றாள் அவள். “சுவத்தைப் பிரிங்க. அதோட அம்மா கதவுல நுழையாது.”

சுவரைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் சுற்றறிக்கை நேரில் வந்தார். மேடை, தரை, சுவர் மூன்றுக்கும் தனித்தனிக் குறிப்பாணை கொண்டுவந்திருந்தார். வீட்டை உடனே காலி செய்ய வேண்டும் என்ற உத்தரவும் இருந்தது. வந்த சாலையில் அவருடைய ஜீப்பின் அச்சு முறிந்துவிட்டதால் அதை எப்படி நிறைவேற்றுவது என்பதில்தான் அவருக்குத் தெளிவில்லை. திரும்பிப் போக வண்டி இல்லாமல் அவரும் அங்கேயே தங்கினார். தொண்ணூற்று மூன்றாம் நாள் காலடி, சுவர் இருந்த கோட்டுக்கு வெளியே, அவர் நாற்காலியின் பக்கத்தில் விழுந்தது. அவர் கையிலிருந்த தேநீர் முழுவதும் குறிப்பாணையில் கொட்டியது. அடுத்தது கட்டிலின் நடுவில். காவலர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அதன்பின் அளக்கவில்லை.

தொண்ணூற்று நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு அவளுக்கு வலி எடுத்தது. நர்ஸ் எட்டு மணிக்கு வந்தாள். பத்து மணிக்கு, இனி யாரும் இவளை நகர்த்த முடியாது என்றாள். பிரித்த சுவரில் கொத்தனார் வேட்டியைத் திரையாகக் கட்டினார். வெளியே கூட்டம் நின்றது, அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு. யாரும் சொல்லவில்லை, தானாகத் திரும்பிக்கொண்டார்கள். சுற்றறிக்கை அடுக்களையில் வெந்நீர் போட்டார். பதினொன்று பத்துக்குக் காவலர் கட்டிலுக்கும் திரைக்கும் நடுவில் போய் நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பதினான்கு வருஷம் ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் பேசிய வாய் அது.

“நான் சொன்னது தப்பு,” என்றார் திரையைப் பார்த்து. “நீ தின்னல. தேடிட்டிருந்தே. எனக்குத் தெரியல. உன் புள்ள இங்கதான் கட்டிலுக்கு அடியில இருக்கு, தூங்குது. மேல இருக்கறது என்னோடது. பாத்து வை.”

“நகருங்க,” என்றாள் நர்ஸ், “வெளிச்சத்தை மறைக்கறீங்க.”

பதினொன்று இருபதுக்குத் திரை உள்பக்கமாக உப்பியது, காற்று இல்லாமல். அறை முழுக்க ஈரச்சேற்று வாசனை வந்தது. மூட்டை இறக்குகிற சத்தத்தை எதிர்பார்த்து எல்லாரும் பல்லைக் கடித்தார்கள். அது வரவில்லை. வந்தது, தூங்குகிறவர்களைத் தாண்டிப் போகிறவர் கால் வைக்கிற சத்தம். நூற்று முப்பத்தைந்தாவது காலடி அரை அளவுக்குச் சுருங்கி, கட்டிலின் சட்டத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, காவலரின் இடது கால் பெருவிரலை ஒட்டி விழுந்தது. விரலில் ஒரு கீறல் இல்லை. அதே நிமிஷத்தில் குழந்தை அழுதது. பெண். மூன்று கிலோ இருநூறு கிராம் என்று நர்ஸ் எழுதினாள். அழுகை அடங்கியபின்னும் கட்டிலின் அடியிலிருந்து இன்னொரு குரல் கொஞ்ச நேரம் அழுதது; அதையும் நர்ஸ் கேட்டாள், ஆனால் அவளிடம் ஒரு பிரசவத்துக்கான படிவம்தான் இருந்தது.

மறுநாள் பெரிய தடம் வந்த வழியாகவே வெளியே திரும்பியது. அதன் வலப்பக்கத்தில் சிறியவை மூன்று இருந்தன, ஓரம் கூர்மையாக, புதியவை. கூடை அளவுக் குழிவு காலியாக இருந்தது. குறிப்பாணைகள் தேநீரில் எழுத்து அழிந்துபோனதால் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது. சுவரைக் கொத்தனார் மறுபடி கட்டினார், தரையை மட்டும் பூசவில்லை, காவலரின் மனைவி விடவில்லை. கட்டில் அந்த இரண்டு சிமெண்ட் பாதங்களின்மேலேயே நிற்கிறது. ‘வேட்டை நடந்த இடம்’ பலகையை எடுத்துவிட்டார்கள். காவலர் இப்போதெல்லாம் பத்தொன்பதாவது தடத்தருகே கைதட்டுவதில்லை. குட்டி எதையோ துரத்திக்கொண்டு போய்விட்டது, தாய் தேடியது, தேடிக் கண்டுபிடித்தது என்று மட்டும் சொல்கிறார். கொலை இல்லாததால் கதை சுவாரசியமாக இல்லை என்று கருத்துப் பெட்டியில் சிலர் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

பெண் பதினோராம் மாதத்தில் நடந்தாள், அந்த மூன்று சிறிய தடங்களில் கால் வைத்து. அவளுக்கு இப்போது ஏழு வயது. தடங்கள் மூன்று குன்றும் ஓர் ஓடையும் தாண்டிப் பூங்காவின் எல்லையை அடைந்துவிட்டன. எல்லைக்கு அப்பால் இருக்கிற துறை, சிறிய விலங்கின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டு எழுதியது. அது தாயுடன் இருப்பதால் பொறுப்பு தாயைச் சேர்ந்தது என்று சுற்றறிக்கை ஒரே வரியில் பதில் அனுப்பினார். அவர் அனுப்பியதில் பதில் இருந்த கடிதம் அது ஒன்றுதான் என்று சொல்கிறார்கள். வேலியை எட்டடிக்குத் திறந்து வைத்தார்கள். அன்று காலை பதினொன்று இருபதுக்குக் கனமாக ஒரு சத்தமும், தொடர்ந்து வேகவேகமாக மூன்று சின்னச் சத்தமும் கேட்டன. காவலர் தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தன. பிறகு திரும்பி வந்து, சிறியவற்றுக்கென்று தானே கோடு போட்டு வைத்திருந்த கட்டத்தில் பேனாவால் எழுதினார்: பெரியது ஒன்று, சிறியவை மூன்று, மாற்றம் இல்லை.